என்னை எடுக்காதே என்ற வில்

முன்னொரு காலத்தில், மலையும் மேகமும் எல்லைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளில், மஞ்சமலைக் காட்டுக்குள் ஒரு வில் மண்டபம் இருந்தது. கரும்பல்லன் என்னும் மந்திரவாதி அதைக் காத்தான். மண்டபக் கோடியில் ஒரு நீல விளக்கு எரிந்தது. அதை அம்பால் அணைத்தால் கேட்டது கிடைக்கும். அம்பு தொடுத்தபின் கை நடுங்கினாலோ, நடுங்கியவரே வில்லாகிச் சுவரில் தொங்க வேண்டும். மல்லன் வீரணன் போனான், திரும்பவில்லை.

அவனைத் தேடித் தங்கை அரியநாச்சி போனாள். பாவம், அவள் வில்லைத் தொட்டதே இல்லை.

உள்ளே காற்றில்லை. ஆனாலும் சுவரில் வில்கள் அசைந்தன. “என்னை எடு, என்னை எடு” என்று கிசுகிசுத்தன. ஒன்றைத் தொட்டாள். வெதுவெதுப்பான மரத்துக்குப் புல்லரித்தது. அவளுக்கும்தான்!

“பிடித்ததை எடு, பெண்ணே. நாணைக் காதுவரை இழு. நான் மூன்று முறை மூச்சுவிட்ட பிறகு எய்” என்றான் கரும்பல்லன்.

“அம்பில்லாமல் இழுத்துப் பார்க்கலாமா ஐயா?”

“பார். இதுவரை எந்த வீரனும் கேட்டதில்லை.”

கருங்காலி வில்லை எடுத்தாள். நாண் அசையவே இல்லை. “என்னை எடு” என்று அது இளித்தது.

கொம்பு வில்லை எடுத்தாள். நாண் காதுவரை வந்தது. இரண்டாம் மூச்சில் முழங்கை உதறியது.

“வந்துவிட்டதே, அதையே வைத்துக்கொள்” என்று குழைந்தான் கரும்பல்லன்.

“தங்கச்சி, என்னை எடுக்காதே” என்றது வில். அண்ணன் குரல்! அழுகை முட்டியது. ஒருமுறை இழுத்துவிட்டால் போதுமா, இழுத்ததைத் தாங்க வேண்டாமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் திரும்பச் சுவரில் மாட்டினாள்.

மூலையில் தூசி படிந்த மூங்கில் வில் கிடந்தது. அது பேசவில்லை. யாரும் அதைச் சீண்டியதே இல்லை. இழுத்தாள், மூன்று மூச்சும் கை அசையவில்லை.

“குழந்தைகள் விளையாடுகிற குச்சி! அதன் அம்பு பாதித் தூரம்கூடப் போகாதே!” என்று சிரித்தான் கரும்பல்லன்.

“போகாதுதான்” என்று சொல்லி, அவள் விளக்கை நோக்கி நடந்தாள்.

“நில்! எல்லோரும் வாசலிலிருந்துதான் எய்தார்கள்!”

“அவர்கள் எய்தார்கள். நீர் அப்படிச் சொல்லவில்லையே ஐயா.”

வில்களின் கிசுகிசுப்பு அடங்கியது. விளக்கின் அருகே நின்று அம்பு தொடுத்து இழுத்தாள். கரும்பல்லன் ஒரு மூச்சு விட்டான். இரண்டாவதும் விட்டான். மூன்றாவதை இழுத்து, விடாமல் அடக்கிக்கொண்டான், படுபாவி! அவன் முகம் கறுத்தது, கண்கள் பிதுங்கின. அரியநாச்சி காத்திருந்தாள். லேசான வில், அவள் கைக்கு ஏற்ற வில். கை நடுங்கவே இல்லை.

புஸ்ஸென்று அவன் மூச்சு வெளியே வந்தது. அம்பு பாய்ந்தது. விளக்கு அணைந்தது.

இருட்டில் சுவரிலிருந்த வில்கள் தொப்புத் தொப்பென்று ஆட்களாகி விழுந்தன. “எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும்” என்று கேட்டாள் அரியநாச்சி. கதவுகள் திறந்தன, வெயில் வந்தது. வீரணன் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு, “அந்த மூங்கில் வில்லை எனக்கும் கொஞ்சம் தா, முதலிலிருந்து பழகுகிறேன்” என்றான்.

எல்லோரும் சுகமாக வாழ்ந்தார்கள். கரும்பல்லன் நின்ற இடத்தில் மட்டும் ஒரு கோணல் வில் கிடக்கிறது. பக்கத்தில் போனால், “என்னை எடு” என்கிறதாம். யாரும் எடுப்பதில்லை.