அறுபத்திரண்டு கிலோ மணல்

ஆனைமலைப் பக்கம் வீட்டு மேல் சாய்ந்த மரம், காற்றில் பிளந்த மரம் என்றால் துளசிமணியைத்தான் கூப்பிடுவார்கள். மரத்தை மொத்தமாகச் சாய்ப்பது அவள் வேலை அல்ல. இடுப்புப் பட்டை மாட்டிக் கயிற்றில் மேலே போவாள். கிளை கிளையாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி, கீழே ஓர் ஓடுகூட உடையாமல் இறக்குவாள். வயது முப்பத்தெட்டு.

அவளிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பது. இருபத்தாறு வருஷம் தென்னை ஏறியவர். அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். குருவும் சீடரும் இப்படியும் இருப்பார்கள், அதற்கென்ன.

எட்டு மாதமாக அவருக்குத் தரையில்தான் வேலை. கயிறு பிடிப்பார், கிளை இழுப்பார். ஊரில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? "பொம்பளை மேல ஏறுது, மரமேறி கீழ நின்னு வேடிக்கை பாக்கறாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மனுஷர் நொந்துபோனார்.

அந்த ஆடிக் காற்றில் பால்வாடி மேல் சாய்ந்து நின்ற வாகை மரத்தின் பெரிய கிளை விரிசல் விட்டது. பிள்ளைகளை மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டுத் துளசிமணிக்கு ஆள் அனுப்பினார்கள்.

மரத்தடியில் வைத்துச் சென்னியப்பன் கேட்டுவிட்டார்.

"அம்மிணி, என்னைய எப்பத்தான் ஏத்துவீங்க? இன்னைக்கும் இல்லீன்னா நாளையிலிருந்து நான் வர்லீங்."

துளசிமணி மரத்தைச் சுற்றி வந்தாள். அடிமரத்தைத் தட்டிப் பார்த்தாள். திடமாக இருந்தது.

"சரிங்கண்ணா. இந்த மரத்துக்குத் திட்டம் நீங்க போடுங்க. நீங்க சொன்னபடி நான் ஏறறேன். திட்டத்துல ஓட்டை இல்லீன்னா, அறுக்கற மெஷின் உங்க கையில."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்வாடி வாசல் சிமெண்டில் சாக்குக்கட்டியால் மரத்தை வரைந்தார். எந்தக் கிளை முதலில், எது எந்தப் பக்கம் இறங்கணும், கயிற்றை எங்கே கட்டணும், யாரும் வராமல் எதுவரை வேலி போடணும், எல்லாம் எழுதினார். வண்டியிலிருந்து அவர் எடுத்தது மூன்று கயிறு. ஒன்று ஏறுகிறவளுக்கு. மற்ற இரண்டும் கிளைகளுக்கு.

துளசிமணி படத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"நல்லா இருக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அவர் சொன்ன கிளைகளில் இரண்டு கயிற்றையும் கட்டிவிட்டு, முப்பது அடி உயரத்தில் நின்றாள். மெஷினை எடுக்கவில்லை. இரண்டு கையையும் தொங்கப் போட்டாள்.

"அண்ணா, நான் மயங்கிட்டேன். எறக்குங்க."

"விளையாடாதீங்க அம்மிணி!"

தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காற்றில் லேசாக ஆடினாள்.

சென்னியப்பன் கயிற்றைத் தேடினார். இரண்டும் அவர் சொன்னபடியே கிளைகளில் கட்டிக் கிடந்தன. அவளைத் தாங்கும் முடிச்சோ மேலே அவள் வயிற்றருகில் இருந்தது. கீழேயிருந்து அவிழ்க்க முடியாது. அவசரத்துக்கு அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்களே, அப்படி நின்றார்.

பிறகு செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலோடு மரத்தைத் தாவிப் பிடித்தார்.

மரப்பட்டை உரசும் சத்தத்தில் துளசிமணி கண்ணைத் திறந்தாள். இடுப்புப் பட்டை இல்லை, கயிறு இல்லை, ஐம்பது வயது மனுஷர் இருபது அடிக்கு வந்துவிட்டிருந்தார்.

"ஐயோ அண்ணா! போதும், எறங்குங்க!"

அவர் காதில் விழவில்லை. பக்கத்தில் வந்து மரத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வந்துட்டனுங் அம்மிணி."

"வந்துட்டீங்க. இனி?"

அவளைப் பிடிக்க ஒரு கையை எடுத்தார். வழுக்கியது. உடனே திரும்ப மரத்தையே பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் மரத்துக்கே சரியாகப் போனது.

துளசிமணி தன் இடுப்பில் தொங்கிய குட்டைக் கயிற்றை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுத் தன் பட்டையில் கொக்கி மாட்டினாள். அவரை அணைத்துப் பிடித்தபடி மெதுவாக இறங்கினாள். தரையைத் தொட்டதும் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. பயந்துதான் போயிருந்தாள்.

"இருபத்தாறு வருஷத்துல எத்தன பேர மரத்திலிருந்து எறக்கியிருக்கீங்கண்ணா?"

"தேங்காயைத்தானுங் எறக்கியிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் சொன்னாள்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி தேனீ கொட்டி, மேலயே மயங்கித் தொங்கினேன். கட்டுன கிளை பாதி அறுந்து நிக்குது. அந்தக் கயிறு எங்க வீட்டுக்காரர் கையில. விட்டா கிளை என் மேல வரும். அவருக்கு ஏறவும் தெரியாது. தீயணைப்பு வண்டி வர நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் அழுதுக்கிட்டே கயித்தை விடாம நின்னாரு. இன்னைக்கும் அவரு உள்ளங்கை முழுசா விரியாது. சாப்பாட்டைப் பிசைஞ்சு குடுக்கறது நான்தான்."

சென்னியப்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அம்மிணி, உங்க எடை எத்தன?"

"அறுபத்திரண்டு."

காற்று அடங்கட்டும், அப்புறம் அறுக்கலாம் என்றாள் துளசிமணி. மறுநாள் சென்னியப்பன் ஒரு சாக்கில் அறுபத்திரண்டு கிலோ மணல் நிரப்பினார். அதற்கு ஒரு பட்டை மாட்டி வாகையின் விரிசல் இல்லாத பக்கத்தில் தொங்கவிட்டார்கள். சென்னியப்பன் பட்டை கட்டி, இன்னொரு கயிற்றில் ஏறி, மூட்டையைத் தன்னோடு மாட்டி இறக்கப் பழகினார். முதல் நாள் மூட்டை மூன்று தடவை மரத்தில் மோதியது. ஒவ்வொரு தடவையும் "அடடா, மன்னிச்சுக்கங்க" என்றார் மூட்டையிடம்.

இரண்டாம் நாள் ஒரு தடவை மோதியது.

மூன்றாம் நாள் ஆறு நிமிஷத்தில் இறக்கினார். இறங்கும்போது அவருடைய ஒரு கை மூட்டையின் மேல்முனையை, தலை இருக்கும் இடத்தை, மரத்தில் படாமல் பொத்திக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியாது. துளசிமணி பார்த்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் காற்று அடங்கியிருந்தது. சென்னியப்பன் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தார். வண்டியிலிருந்து நாலாவதாக ஒரு கயிறு எடுத்து வந்து, வேறு எதற்கும் கொடுக்காமல், மேலே மயங்கினவரை ஏறி இறக்குவதற்கென்றே மரத்தில் தனியாகத் தொங்கவிட்டார். படத்தில் அடிமரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆளையும் வரைந்தார்.

"இது யாருங்கண்ணா?"

"நானுங். நீங்க தைரியமா ஏறுங்க அம்மிணி. கீழ நான் இருக்கேன்."

துளசிமணி தன் இடுப்புப் பட்டையைக் கழற்றினாள். அவர் எதிரில் மண்டியிட்டு, அதை அவர் இடுப்பில் சுற்றி, ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்து மாட்டினாள்.

"அம்மிணி, நான் இப்ப ஏத்தச் சொல்லிக் கேக்கலீங்களே."

அவள் எழுந்து மெஷினை அவர் கையில் கொடுத்தாள். படத்தில் அந்த ஆள் நின்ற இடத்துக்குச் சரியாக மரத்தடியில் போய் நின்று, நாலாவது கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏறுங்கண்ணா. இன்னைக்குக் கீழ நான்."