உச்சிவெயிலில் ஒரு வாக்கெடுப்பு

குளத்தங்கரைக் காட்டில் தடிமூக்கன் என்ற காட்டுப்பன்றி கிழங்கு வியாபாரம் செய்து கொழுத்திருந்தது. அதன் கூட்டம் வேரடியைத் தோண்டத் தோண்ட, மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. காட்டில் வெக்கை ஏறியது. குளம் சேறாகிவிட்டது.

"காட்டைக் கேட்காமல் நான் ஒரு வேரைத் தொட்டதுண்டா?" என்று தடிமூக்கன் பெருமையடிக்கும்.

உண்மைதான். மரத்துக்கு மரம் வாக்கெடுப்பு நடந்தது! நடத்தியது தலைவர் நரி. கிழங்கில் அதற்கும் பங்குண்டு. சரியாக உச்சிவெயிலில் கூட்டம் கூட்டி அது கூவும்: "தோண்டலாம் என்பவர்கள் மரநிழலுக்கு வாருங்கள்! வேண்டாம் என்பவர்கள் வெயிலில் நில்லுங்கள்!"

வெயிலில் யார் நிற்பார்கள்? முயல், அணில், தவளை எல்லாம் நிழலுக்கு ஓடும். தீர்மானம் நிறைவேறிவிடும். எவ்வளவு அழகான ஜனநாயகம் பாருங்கள்!

கடைசியாக ஒரே ஒரு மருதமரம் மிஞ்சியது. அதன் உச்சியில் நாரையின் குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. கூட்ட அறிவிப்பு நாரையின் காதிலும் விழுந்தது. அது தவளையிடம் பறந்து போனது.

"அண்ணே, நாளைக்கு நீங்கள் வெயிலில் நிற்க வேண்டும்!"

"நானா? கருவாடாகிவிடுவேன்!"

"குஞ்சுகளுக்கு வெயில் படாமல் தினமும் சிறகை விரித்துத்தானே நிற்கிறோம்? உங்களுக்கும் நாரைகள் எல்லோரும் விரிக்கிறோம். அடியில் நில்லுங்கள்."

தவளை சந்தேகமாகப் பார்த்தது. "என்னை விழுங்கிவிட மாட்டாயே?"

"எனக்கு நத்தை போதும், அண்ணே!"

அன்று மாலையே தவளை வளை வளையாகத் தத்திப் போய்ச் செய்தி சொன்னது.

மறுநாள் உச்சிவெயில். நரி வழக்கம்போலக் கூவியது. நாரைகள் பொட்டலில் இறங்கி வரிசையாகச் சிறகை விரித்தன. முயலும் அணிலும் தவளையும் அடியில் புகுந்துகொண்டன. மருதமர நிழலில் பன்றிகள் மட்டும் நின்றன.

"செல்லாது! அவர்களும் நிழலில்தான் நிற்கிறார்கள்!" என்று நரி அலறியது.

"மரநிழல் என்றுதானே சொன்னீர்கள், தலைவரே? நாரை என்றைக்கு மரமானது?" என்று தவளை கத்தியது. காடே சிரித்தது.

"நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்!" என்று உறுமியது தடிமூக்கன்.

"நாளைக்கும் நிற்போம்!" என்றது நாரை. அதன் சிறகு வலியில் நடுங்கியது. ஆனாலும் மடக்கவில்லை.

எண்ணிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. நரி மெல்லச் சிறகுப் பக்கம் நகர்ந்து, "நான் எப்போதும் உங்கள் பக்கம்தானே!" என்று இளித்தது. முயல் அதை உள்ளே விடவில்லை. இனிக் கூட்டம் சாயங்காலத்தில்தான், நரி தலைவரும் இல்லை என்று அங்கேயே முடிவானது. பன்றிகள் பசியோடு கலைந்து போயின. மருதமரத்தின் மேலே குஞ்சுகள் தீனி கேட்டுக் கத்தின.

தன் தலைக்கு மட்டும் நிழல் தேடுகிறவன் காட்டையே இழப்பான். ஒருவருக்கொருவர் நிழலானால் எளியவர்கள் முன் எந்தப் பெரும்பன்றியும் பின்வாங்கும்.