அலறும் முன்வாசல்

புதிர் போடுகிறவன் எதையும் ஒளிக்கக் கூடாது. நானும் ஒளிக்கப் போவதில்லை. விடைக்கு வேண்டியதெல்லாம் வழியிலேயே கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் அது உங்கள் பாடு.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி பெயர் குற்றாலலிங்கம். கடைக்கு இரண்டு வழி. முன்வாசல் வாடிக்கையாளருக்கு, பின்படிக்கட்டு வேலைக்காரருக்கு. சாரல் அடித்து ஊற்றினாலும் வேலைக்காரப் பெண்கள் சுற்றிக்கொண்டு பின்னால்தான் வர வேண்டும். மனுசன் அப்படி.

கடையில் சேலைகள் களவு போயின. முதலாளி முன்வாசலில் இரண்டு கம்பம் நட்டார். காசு கட்டாத சேலை அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், கம்பம் அலறும். பச்சைப் பிள்ளை பாலுக்கு அழுகிற மாதிரி இழுத்து இழுத்து அலறும். அலற வைப்பது ஒரு மெல்லிய தகட்டுப் பட்டை. வெளியே தொங்கவிட்டால் திருடன் கத்தரித்துவிடுகிறான். இவர் கடையில், கால் பக்கத்துக் கரையின் உள்புறம் ஃபால்ஸ் துணி தைத்த பிறகுதான் சேலை அலமாரிக்கு வரும். அதனால் வெளியூர்த் தையல்காரரிடம் கொடுத்து, ஃபால்ஸுக்கு உள்ளே வைத்துத் தைக்கச் சொன்னார். கைக்குத் தட்டுப்படாது, துவைத்தாலும் கெடாது. பில் போடும் மேசையில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. அதில் சேலையை ஒரு தேய் தேய்த்தால்தான் பட்டை ஊமையாகும். பட்டை எங்கே இருக்கிறதென்று கடை வேலைக்காரர் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களே திருடுவார்களாம்.

பேச்சி என்றொரு பெண் ஆடித் தள்ளுபடி நேரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அரக்கு நிற யூனிஃபார்ம் சேலைகள் அதற்குள் தீர்ந்துபோயிருந்தன. முதலாளி விற்பனை அலமாரியிலிருந்து அதே அரக்கில் ஒரு சேலையை உருவி, "இதக் கட்டிக்கிட்டு வேலையப் பாரு" என்று நீட்டினார். அவளும் பின்படிக்கட்டில் வருவாள், போவாள்.

ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டார் சேலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய வாடிக்கை. பார்சலைக் கார் வரைக்கும் தூக்கிப் போ என்று முதலாளி பேச்சியை அனுப்பினார். முன்வாசலைத் தாண்டினாள், கம்பம் அலறியது. பார்சலைப் பிரித்தார்கள், எல்லாம் பில் போட்டவை. பெண்களைச் சோதனை போடும் சண்முகக்கனி அவளை மறைவுக்குக் கூட்டிப்போய்த் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெறுங்கையோடு நடக்கச் சொன்னார்கள். மறுபடியும் அலறியது. கடையிலிருந்த சேலைகளை எண்ணினார்கள், ஒன்று குறைந்தது.

"எங்க வச்சிருக்க, சொல்லிரு" என்றார் முதலாளி.

"நான் எடுக்கல மொதலாளி."

கல்யாண வீட்டார் வேடிக்கை பார்க்க, அவளை அன்றைக்கே நிறுத்தினார். ஊர் வாய் சும்மா இருக்குமா? வீட்டில் போய்ப் படுத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. கார்த்திகை பிறக்குமுன் போய்ச் சேர்ந்தாள். வேலையை விட்டவர்கள் யூனிஃபார்மைத் திருப்பித் தர வேண்டும் என்பது கடைச் சட்டம். செத்தவளுக்கும் அதே சட்டம்தான். அவளுடைய அம்மா சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அந்தச் சேலையை எந்தப் பெண்ணும் தொடவில்லை. மார்கழியில் புதிதாகச் சேர்ந்த அமலிக்கு விஷயம் தெரியாது. கொடுத்தார்கள், கட்டிக்கொண்டாள். தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு சாக்குக் கிடைத்தால் நிறுத்திவிடக்கூடியவர்கள்.

மத்தியானம் சண்முகக்கனியிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "யக்கா, காலையில இருந்து யாரோ என் பின்னாலயே வார மாதிரி இருக்கு. கணுக்கால்ல விரல் வச்ச மாதிரி சில்லுன்னு படுது. குனிஞ்சு பாத்தா ஒண்ணுமில்ல."

சண்முகக்கனிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது யார் கட்டிய சேலை என்று சொல்லாமல், "மார்கழிக் குளிருதான், போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டாள்.

சாயந்திரம் யாரோ ஒரு அம்மா குடையை மறந்துவிட்டுப் போக, ஓடிப்போய்க் கொடு என்று முதலாளி அமலியை விரட்டினார். முன்வாசலில் கால் வைத்தாள். அதே அலறல். கடையே அப்படியே நின்றுவிட்டது. சிவப்பு வெளிச்சத்தில் வாசல் பொம்மைகள் எல்லாம் அவளையே பார்ப்பது போலிருந்தது. சோதனை போட்டார்கள், ஒன்றுமில்லை. வெறுங்கையோடு நடந்தாள், அலறியது. வேறு பெண்களை நடக்க விட்டார்கள். கம்பம் கம்மென்று இருந்தது. சேலைகளை எண்ணினார்கள். இந்தத் தடவை புதிதாக ஒன்றும் குறையவில்லை.

"இன்னைக்குக் குறையலன்னா நாளைக்குக் குறையும். இவளும் திருடிதான், போலீசக் கூப்பிடு" என்றார் முதலாளி.

வாசல் காவலுக்கு நிற்கும் சுடலை கும்பிட்டுக்கொண்டு சொன்னார்: "இவ எடுக்கல மொதலாளி. பேச்சி இவகூட வாரா. பூசணிக்காய உடைங்க."

"ரெண்டு பேரு மேலயும் கை வச்சவ நான். ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணுமில்ல. இந்தக் கம்பத்துக்குத்தான் கிறுக்கு" என்றாள் சண்முகக்கனி.

"போலீசு வந்தா என் கல்யாணம் நின்னுரும்" என்று அமலி அழுதாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். திருடி என்கிறார் ஒருவர், பேய் என்கிறார் ஒருவர், கம்பம் பழுது என்கிறாள் ஒருத்தி. மூவரில் யார் சொன்னது சரி? அந்தக் கம்பம் யாரைக் காட்டிக்கொடுத்தது?

விடை: மூவர் சொன்னதும் தப்பு, கம்பம்தான் சரி. காசு கட்டாத சேலை வாசலைத் தாண்டியது. அது அமலியின் உடம்பில் இருந்தது. அலமாரியிலிருந்து உருவிக் கொடுத்த முதலாளி அதற்குப் பில் போடவுமில்லை, பலகையில் தேய்க்கவுமில்லை. எண்ணிக்கையில் குறைந்த அந்த ஒரு சேலையும் அதுவேதான். எங்கே வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டபோது, பேச்சி அதைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால்தான் நின்றிருந்தாள். கடையில் பட்டை இருக்கும் இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்; அவருக்குத் தோன்றவில்லை. கணுக்கால் பேச்சு நினைவுக்கு வந்து சண்முகக்கனிதான் அமலியை வீட்டுச் சேலைக்கு மாறி நடக்கச் சொன்னாள். கம்பம் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த அரக்குச் சேலையை முதலாளியின் கையில் வைத்து, "நீங்க நடங்க" என்றாள். நடந்தார், அலறியது. தையில் அமலியின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சில்லென்று பட்டது தகடு மட்டும்தானா என்று கேட்டால் அவள் இன்றைக்கும் பேச்சை மாற்றுகிறாள். குற்றாலலிங்கம் முதலாளி இப்போதெல்லாம் பின்படிக்கட்டில்தான் ஏறி வருகிறார்.