வேட்டி வெளுத்துச்சா?

மடத்துச் சமையல்காரர் குற்றாலிங்கம் இந்தக் கதையைச் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. நான் நம்பியதில்லை. நம்பாத கதையை ஏன் இத்தனை நாள் சுமந்துகொண்டு அலைந்தேன் என்பதும் தெரியவில்லை.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே உலகநாத சாமியிடம் கேலி வாங்குவதுதான் தீட்சை. புதிதாக வருகிறவன் தன் துக்கத்தைச் சபையில் சொல்ல வேண்டும். சாமி திருப்பி ஒரே ஒரு வார்த்தை கேட்பார். சபை கொல்லென்று சிரிக்கும். அழுதுகொண்டு வந்தவனும் சேர்ந்து சிரித்துவிட்டால், அவன் மடத்துக்காரன்.

ஆவுடையப்பன் அப்படித்தான் சேர்ந்தார், தன் நாற்பதாவது வயதில்.

"எதுக்கு வே வந்தீரு?"

"ஆத்துல துணி தொவச்சிக்கிட்டிருந்தேன் சாமி. பக்கத்துல விளையாடிக்கிட்டிருந்த மக தண்ணியோட போயிட்டா. நான் பாக்கலை."

"வேட்டி வெளுத்துச்சா?"

சபை சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார். மூக்கில் ஒழுக ஒழுகச் சிரித்தார். தன் முடிச்சு அந்த நொடியில் அவிழ்ந்துவிட்டது என்று பதினோரு வருடம் நம்பினார்.

பன்னிரண்டாம் வருடம் சாமி படித்துறைப் பாசியில் வழுக்கி விழுந்தார். தலையில் வலப்பக்கம் அடி. இரண்டு மாதத்தில் எழுந்து உட்கார்ந்தார். பேச்சு தெளிவாக இருந்தது. ஒரு பாட்டும் மறக்கவில்லை. சபை மறுபடி கூடியது.

"சாமி, மனசு கெடந்து எரியுது" என்றார் ஒருவர்.

"தண்ணி குடியும்."

சபை உருண்டு புரண்டு சிரித்தது. சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

அதற்கும் சிரித்தார்கள்.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. சாமியின் கண்ணில் குறும்பே இல்லை.

மறுநாள் சாமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா ஆவுடையப்பனின் மூக்குக் கண்ணாடியை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, அவரை வெளியே நிற்கச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து பேச்சு மட்டும் கேட்டது.

"கண்ணாடியை இப்ப டிராயர்ல போட்டுட்டேன். அவரு உள்ள வந்ததும் எங்க தேடுவாரு?"

"டிராயர்ல."

"நான் எடுத்து மாத்தினது அவருக்குத் தெரியாதே சாமி?"

"கண்ணாடி அங்கதான இருக்கு?"

ஆவுடையப்பன் திரையை விலக்கி உள்ளே பார்த்தார். வந்தவன் வாய் திறக்குமுன்னே அவன் மனசைப் படித்தவர் இவர்.

"அடிபட்ட இடம் அப்படி" என்றார் டாக்டரம்மா. "பேச்சு, ஞாபகம் எல்லாம் இருக்கும். கேலி விளங்காது. அடுத்தவங்க நெனப்பை ஊகிக்க முடியாது. வாயால சொன்னாத்தான் உண்டு."

மடத்துக்குத் திரும்பியதும் ஆவுடையப்பன் தன் துணிகளை மூட்டை கட்டினார். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருடம் வாழ்ந்தாயிற்று. பாசி படிந்த ஒரு படிக்கட்டு அதை அழித்துவிடும் என்றால், அது என்ன ஞானம்? மூட்டையோடு சாமி முன்னால் போய் நின்றார். குற்றாலிங்கம் அப்போதுதான் கஞ்சி கொண்டுவந்து வாசலில் நின்றார்.

"போறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும் சாமி. மக செத்துட்டான்னு ஒருத்தன் வந்து நின்னான். அவன்கிட்ட, வேட்டி வெளுத்துச்சான்னு..."

"நாந்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீரும் சிரிச்சீரு."

"ஆமா."

"எதுக்கு?"

ஆவுடையப்பன் தலையை அசைத்தார். தெரியவில்லை.

"எனக்கும் விளங்கல" என்றார் சாமி. "பிள்ளை செத்திருக்கு. வேட்டியை எதுக்குக் கேட்டேன்?"

சாமியே மறுபடி கேட்டார்.

"பிள்ளை பேரு என்ன?"

அந்த மடத்தில் இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஆவுடையப்பன் கையிலிருந்து மூட்டை நழுவியது. வாசலில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

போன மாதம் குற்றாலிங்கத்தைத் தேடிப் போனேன். கதையை மறுபடி முழுதாகச் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை.

"அண்ணாச்சி, ஆவுடையப்பன் வந்து சேர்ந்த அன்னைக்கு நீங்க சபையில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"சிரிச்சீங்களா?"