நயினார் வாங்க நினைத்த அடுப்பு

பாளையங்கோட்டையில் பெனிட்டா என்று ஒருத்தி இருக்கிறாள். பீங்கான் மக்கில் போட்டோ அச்சடிப்பவள். வயது முப்பத்துநாலுதான். ஆனால் தென்காசியிலிருந்து தூத்துக்குடி வரை இந்தத் தொழிலில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளைத் தேடித்தான் பஸ் ஏறுவார்கள். கேட்டதும் பதில் சொல்கிற ஆள் இல்லை அவள். இதை எடு, அதை வை என்று ஏதாவது வேலை கொடுப்பாள். அதனாலோ என்னவோ, அவளை எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுவார்கள்.

தென்காசி நயினார் அன்றைக்கு மூன்றாவது தடவையாக வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்திவிட்டு, ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்த பிறகு இழுத்து மூடியவர். மூடி எட்டு வருஷமாயிற்று. பூட்டிக் கிடந்த அந்தக் கடையிலேயே மக் அச்சடித்தால் என்ன என்று இப்போது ஓர் ஆசை. மக்கில் படம் பதிய அடுப்புச் சூடு வேண்டும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்த மனுஷன் அடுப்பே வாங்கக் கிளம்பிவிட்டார். ஆனாலும் உள்ளுக்குள் பயம்தான். இந்தத் தடவையும் சறுக்கினால் அந்தக் கடைப் படியை மறுபடி மிதிக்கத் தெம்பு இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

"டீச்சர், பன்னெண்டு மக் வைக்கிற அடுப்பு வாங்கட்டுமா, ஆறு மக் வைக்கிறது போதுமா?"

கேட்டுவிட்டு, இரண்டு அடுப்பின் விவரத்தையும் எழுதியிருந்த தாளை மேசையில் வைத்தார். சாயங்காலத்துக்குள் டீலருக்குச் சொல்லியாக வேண்டும் என்றார்.

பெனிட்டா தாளைப் பார்க்கவில்லை. "கடையில எத்தனை பேரு அண்ணாச்சி?"

"நான் ஒருத்தன்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒத்த ஆளு."

பெனிட்டா எழுந்தாள். படத்தாள் சுற்றி, ரப்பர் பட்டை போட்டு இறுக்கி வைத்திருந்த பன்னிரண்டு மக்குகளைத் தன் அடுப்புக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

"அடுப்புல மணி அடிச்சதும் நீங்கதான் எடுக்கணும். பட்டையைக் கழட்டி, சூட்டோட சூடா தாளை உரிச்சிரணும். சுணங்குனா மை கலங்கிரும்."

சும்மா இருக்க நயினாரால் முடியவில்லை. "பன்னெண்டு வச்சா வேலை சட்டுனு முடியும்லா டீச்சர்?"

"அடுப்புக்கு முடியும்."

"உள்ள காத்தாடி இருக்காம். எல்லா மூலைக்கும் சூடு ஒண்ணு போலப் போகுமாம்."

"போகும்."

"கண்ணாடிக் கதவு வேற."

"நல்லதுதான்."

இவளிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. நயினார் கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். சூடு முகத்தில் அறைந்தது. முதல் மக்கை எடுத்தார், பட்டையைக் கழற்றினார், மக்கை இடது பக்கமாக நீட்டினார். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கை அதற்குள் அடுத்த மக்குக்குப் போய்விட்டது. இடது கை அப்படியே அந்தரத்தில் நின்றது. வாங்க அங்கே யாரும் இல்லை.

திரும்பிப் பார்த்தார். சுவரும் ஒரு காலண்டரும்தான் இருந்தன.

என்ன நடந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. உடம்பு தன்பாட்டுக்குச் செய்திருந்தது. சுதாரித்துத் தாளை உரித்தார். இரண்டாவது மக்கையும் பாதி தூரம் இடப்பக்கம் கொண்டுபோய்த்தான் நிறுத்தினார். அப்புறம் அவசரம் அவசரமாக உரித்தும், பன்னிரண்டும் வெளியே வருவதற்குள் கடைசி ஐந்தில் மை கலங்கிவிட்டது. படத்திலிருந்த பிறந்தநாள் குழந்தைக்கு நாலு காது.

பெனிட்டா சிரிக்கவில்லை. "யாருக்கு நீட்டுனீக அண்ணாச்சி?"

நயினார் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆவுடைக்கு. என் வீட்டுக்காரி."

பேரைச் சொன்னதும் ஸ்டுடியோவில் படம் கழுவுகிற அந்த இருட்டறை மொத்தமும் கண் முன்னால் வந்து நின்றது. சிவப்பு பல்பு, மருந்துத் தொட்டி, மூக்கில் ஏறும் புளிச்ச வாடை. தொட்டியிலிருந்து படத்தை எடுத்து அவர் இடப்பக்கம் நீட்டுவார். ஆவுடை வாங்கித் தண்ணீரில் அலசிக் கொடியில் மாட்டுவாள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை ஓடும், கை பாட்டுக்கு வேலை ஓடும். முகூர்த்த மாசம் வந்தால் சோறு தின்னக்கூட வெளியே வர நேரமிருக்காது. "மாப்பிள்ளை முழிக்கிற முழியைப் பாருங்க, கல்யாணம்னு இவருக்கே நேத்துதான் சொல்லிருக்காக போல" என்று ஒரு தடவை அவள் சொல்லப் போய், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தொட்டி கவிழ்ந்து ஒரு கல்யாணமே தரையில் ஓடியது. மறுபடி முதலிலிருந்து அச்சடித்தார்கள். அதிலும் சிரிப்புத்தான். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்குப் பிறகு இருந்ததே இல்லை.

"அவுக இப்ப எங்க இருக்காக?"

"வீட்லதான் இருக்கா."

"கடைக்கு வரமாட்டாகளா?"

நயினார் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "கடையை மூடுனப்ப அவ அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தா, டீச்சர். அந்த ரெண்டு நாளைக்குள்ள இருட்டறையில இருந்த எல்லாத்தையும் வித்துட்டேன். தொட்டி, கொடியில மாட்டுற கிளிப்பு, சிவப்பு பல்பு வரைக்கும்."

"சொல்லாமலா?"

"சொன்னா வேண்டாம்னுருவா. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால வித்திருக்க முடியாது."

"வந்து என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. இருட்டறையைத் திறந்து பாத்தா. சாத்திட்டுப் போயிட்டா. அதோட சரி, எட்டு வருஷமா அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கல. வீட்ல நல்லாத்தான் பேசுதா, சோறு போடுதா. கடைப் பேச்சை எடுத்தா மட்டும் எந்திரிச்சுப் போயிருவா."

"அடுப்பு வாங்குறது தெரியுமா?"

"இல்ல. வாங்கி வச்சிட்டு, அப்புறமா கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடியும் என்ன செய்யப் பார்த்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிறுத்துப்போய்விட்டது. பெனிட்டா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் செம்பை மேசையில் வைத்தார்.

கடைசியில் கேட்டார்: "அப்போ எதைத்தான் வாங்கட்டும் டீச்சர்? சாயங்காலம் டீலர் கேப்பானே."

"டீலர் காத்திருப்பான் அண்ணாச்சி. வீட்டுக்குப் போய், கூட வேலைக்குக் கடைக்கு வாறியான்னு அவுககிட்ட கேளுங்க. 'வாரேன்'னு சொன்னாகன்னா பன்னெண்டு. 'வரல'ன்னாகன்னா ஆறு. ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாகன்னா, மறுநாளும் கேளுங்க."