ராகு காலத்தில் செத்த லேப்டாப்

பாளையங்கோட்டையில் கல்யாணத் தகவல் மையம் வைத்திருந்த சிதம்பரநாத அண்ணாச்சிக்கு வாய் பெரிசு. வரன்களின் ஜாதகமெல்லாம் அவர் லேப்டாப்புக்குள்தான். வெள்ளிக்கிழமை காலை அதில், லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்கும் ஃபர்ம்வேர் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கக் கூடாது என்று திரையே சொன்னது. டைப் அடிக்கும் இசக்கியம்மாள் டீ வாங்கிவிட்டுத் திரும்பினால் திரை கறுத்துக் கிடக்கிறது.

"நீ தொட்டதாலதாம்ட்டி செத்துப்போச்சு. சாயங்காலத்துக்குள்ள உயிர் வரலைன்னா நாளைலருந்து வேலைக்கு வராத" என்று, வரன் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் அண்ணாச்சி கத்தினார்.

இசக்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"தானா அணைஞ்சிருந்தா உள்ள போர்டே போயிருக்கும் அண்ணாச்சி, ஒரு ஜாதகமும் மிஞ்சாது. நடுவுல யாராவது அணைச்சிருந்தா பென்டிரைவ் போட்டு மீட்டுரலாம். இதுல எது நடந்துச்சு?"

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார்.

"ராகு காலம் பொறந்துட்டுல்லா. அந்த நேரத்துல புதுசா ஒண்ணு ஏறலாமான்னு நாந்தான் பட்டனை அமுக்கிப் பிடிச்சேன்."

கூட்டம் சிரித்தது. இசக்கி பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அப்டேட்டைப் பென்டிரைவில் ஏற்றி வந்து செருகி, கம்பெனிக் குறிப்பில் சொன்ன பட்டன்களை அழுத்திப் பிடித்தாள். விசிறி இரைந்தது, திரை வெளுத்தது. ஜாதகங்கள் அப்படியே இருந்தன.

"நல்லவேளை, தானா அணையல" என்றார் அண்ணாச்சி.

"எப்படி அணைஞ்சிருந்தாலும் இதே வைத்தியம்தான். அணைச்சது யாருன்னு இவங்களுக்குத் தெரியணும்லா, அதான் கேட்டேன். வேலைக்கு வராதன்னு சத்தமாச் சொன்னியள்லா அண்ணாச்சி, வான்னும் அதே சத்தத்துல சொல்லுங்க."

சொன்னார். தெரு வரைக்கும் கேட்டது.