மேடையில் சொல்லலாம்

மலையடிவாரத்து மடத்தில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். அதனால் அங்கே பேச்சு கொஞ்சம் தலைகீழாகத்தான் நடக்கும். சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார்.

"என்னைப் போய் ஐயான்னு கூப்பிடலாமா?" என்று சீடர் நெளிவார்.

"பின்னே, தம்பின்னா கூப்பிட முடியும்?" என்பார் குரு.

குருவின் பெயர் உமையாள். சீடர் தணிகாசலம், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உத்தியோகத்தை விட்டாரே தவிர உத்தியோகம் அவரை விடவில்லை. காவி கட்டிய பிறகும் தெருவில் யாராவது சட்டைப் பொத்தான் போடாமல் போனால் கூப்பிட்டு நிறுத்துவார். தங்கமான மனிதர்தான். தப்பு என்பது மட்டும் எப்போதும் அடுத்தவர் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பியே காலத்தை ஓட்டிவிட்டார்.

மடத்துக்கு ஒரு தொடக்கப் பள்ளி உண்டு. புண்ணியவான் ஒருவர் பிள்ளைகளுக்கு டேப் கணினி வாங்கிக் கொடுத்தார். கொடுத்தவர் போட்டோ எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பிள்ளைகள் டேபுக்குள் போய்விட்டார்கள். யார் யாரோ செய்தி அனுப்ப, இவர்களும் பதில் அனுப்ப, ஒருத்தன் இன்னொருத்தன் மூஞ்சியில் கொம்பு வரைந்து வகுப்பு முழுக்க அனுப்ப, நாளுக்கொரு பஞ்சாயத்து. இணையத்தில் எப்படிப் பத்திரமாக இருப்பது, எப்படி மரியாதையாக நடந்துகொள்வது என்று யாராவது சொல்லிக் கொடுத்தாக வேண்டும். தணிகாசலம் முன்வந்தார்.

"எப்படிச் சொல்லிக் கொடுத்தா மனசுல நிக்கும்மா?" என்று கேட்டார்.

உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அதுங்களுக்கு என்ன தெரியும்னு முதல்ல கேட்டுப் பாருங்க ஐயா."

"மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னம்மா தெரியும்?"

உமையாள் அடுத்த கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டார்.

தணிகாசலம் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். அவருக்குத் தெரிந்தது பேச்சுப் போட்டி. நீள நீளமாக விதிகள் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்லி, ஒத்திகையும் வைத்தார். மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்க்கும் சுகந்தியின் மகள் நிறைமதிதான் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தாள். கணீரென்று குரல்.

"அனைவருக்கும் என் அன்பான வணக்கம். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம்..."

"நில்லு, நில்லு. வணக்கம் சொன்னே, சரி. பேர் எங்கே? வகுப்பு எங்கே? பள்ளிக்கூடம், ஊரு எல்லாம் எங்கே?"

நிறைமதி கையைப் பிசைந்தாள். "அம்மா அதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்."

"அது ரோட்டுல போறவன் கேட்டா. இது மேடை. மேடையில சொல்லலாம். சொல்லாட்டி மார்க் போயிடும்."

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னாங்க சார்."

"சார் சொல்றேன்ல?"

அதற்கு மேல் ஒரு பிள்ளை என்ன செய்யும்? சொன்னாள்.

தணிகாசலத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் மேடையேறிய எந்தப் பிள்ளையும் வணக்கத்துக்கு அடுத்தபடி இந்த விவரத்தையெல்லாம் கொட்டாமல் இறங்கியதில்லை. கடவுள் வாழ்த்து மாதிரி அது கூடவே வரும்.

போட்டி நாளில் நிறைமதி பேர், வகுப்பு, பள்ளி, ஊர் அத்தனையும் மணிமணியாகச் சொன்னாள். சொன்ன மூச்சிலேயே, "முன்பின் தெரியாதவர்களிடம் நம் பெயரையோ பள்ளியையோ ஊரையோ சொல்லக் கூடாது" என்றாள். கூட்டம் கைதட்டியது. ஒருத்தர் சிரிக்க வேண்டுமே! "பிறர் படத்தை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது" என்று அவள் சொன்னபோது, தணிகாசலம் முன்வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

எடுத்த கையோடு ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடி வந்து குருவிடம் காட்டினார்.

உமையாள் முழுவதையும் பார்த்தார். "சுகந்திகிட்ட கேட்டீங்களா ஐயா?"

"எதுக்கும்மா? பார்த்தா சந்தோஷப்படப் போறா."

"காட்டிட்டு வாங்க."

சுகந்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மகள் வாயைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. பேரும் ஊரும் வந்தபோது அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருக்கெல்லாம் போயிருக்கு சார்?"

"நம்ம ஆளுங்கதான்மா. எல்லாம் வாத்தியாருங்க."

அவள் கிரைண்டர் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள். புருஷனின் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு ஓடி வந்தவள் அவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன், உன்னையும் உயிரோடு விட மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தான். சொந்த பந்தம் யாருக்கும் தான் இருக்கும் இடம் தெரியாமல் இத்தனை காலம் ஒளிந்திருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே காவல் அதுதான்.

தணிகாசலம் குருவிடம் ஓடினார். வந்து உட்கார்ந்து, குழுவுக்கு அவசர அவசரமாக ஒரு செய்தி தட்டினார். ஒரு காலத்தில் தமிழ் வாத்தியாராகவும் இருந்தவர், சும்மா எழுதுவாரா? மாணவியின் தாயார் கணவருக்கு அஞ்சி மறைந்து வாழ்வதால் அன்பர்கள் அனைவரும் காணொளியை உடனே அழித்து உதவ வேண்டும் என்று விளக்கமாக எழுதினார். அனுப்பப் போகும்போது உமையாள் எட்டிப் பார்த்துப் போனை வாங்கிக்கொண்டார்.

"இதை அனுப்பினா, வீடியோவைப் பார்க்காதவங்களும் தேடிப் பார்ப்பாங்க ஐயா."

தணிகாசலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். போனைத் திரும்ப வாங்கி, குழுவில் போட்ட வீடியோவை அழித்தார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். எல்லோரும் நல்லவர்கள். உடனே அழிப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "அடடா, ரொம்ப நல்லா இருந்துச்சேன்னு பேத்தியோட ஸ்கூல் குரூப்புல போட்டேனே சார். அங்கேயிருந்து எங்கெங்கே போச்சோ!" என்றார்.

போகக் கூடாத இடத்துக்கு அது போயே விட்டது. ஒரு நாள் காலையில், ஆப்பிள் பையும் கையுமாக ஒருவன் மடத்து வாசலில் நின்றான். "மூணாம் வகுப்பு நிறைமதியை வரச் சொல்லுங்க. அப்பா வந்திருக்கேன்" என்றான். வாசலில் இருந்தவரிடம் போனை நீட்டி வீடியோவையும் காட்டினான். உமையாள் வாசலுக்கு வந்து குறுக்கே நின்றார். அவன் கத்தினான், கெஞ்சினான், கேட்டை உதைத்தான். கடைசியில் போலீஸ் வந்து அழைத்துப் போனது. போகிறபோது திரும்பி, "இன்னிக்குப் போறேன். இடம்தான் தெரிஞ்சு போச்சே" என்றான்.

இனி அந்த ஊரில் சுகந்தி எப்படி இருப்பாள்? தூரத்தில் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி, உமையாள் அவளுக்கு வேலையும் தங்க இடமும் ஏற்பாடு செய்தார். அது எந்த ஊர் என்று அவர்கள் இருவரும் வேறு யாருக்கும் சொல்லவில்லை. நிறைமதிக்கு ஊர்ப் பேர் மட்டும் தெரியும், அம்மா பேசும்போது காதில் விழுந்திருந்தது.

கிளம்புகிற அன்று சுகந்தி மகளோடு கடைக்குப் போய்விட்டு அழுதுகொண்டே குருவிடம் வந்தாள். தணிகாசலமும் அங்கேதான் இருந்தார்.

"எந்த ஊருக்குப் போய் என்னம்மா புண்ணியம்? காய்க்காரர் சும்மா, 'பாப்பா பேரு என்ன'ன்னுதான் கேட்டார். இவ அட்டென்ஷன்ல நின்னு பேரு, வகுப்பு, பள்ளிக்கூடம்னு ஒப்பிக்கிறா. நாங்க இன்னிக்கு ஊருக்குப் போறோம், அந்த ஊரு பேருன்னு ஆரம்பிச்சுட்டா. நான் வாயைப் பொத்தி இழுத்துட்டு வந்தேன். ஏண்டி சொன்னேன்னு கேட்டா, பெரியவங்க கேட்டா சொல்லலாம், சார்தான் சொன்னாருங்கிறா."

பிறகு தணிகாசலத்தைப் பார்த்தாள். "பேச்சு வந்த நாள்லேர்ந்து சொல்லிச் சொல்லி வளர்த்தேன் சார். ஒரே வார்த்தையில அழிச்சுட்டீங்களே."

தணிகாசலம் எழுந்து நின்றார். குரு பக்கம் திரும்பினார். "நான் என்னம்மா செய்யட்டும்? பட்டினி கிடக்கட்டுமா? மடத்தை விட்டுப் போயிடட்டுமா?"

"அதெல்லாம் உங்களுக்கு ஐயா. பிள்ளைக்கு என்ன?" என்றார் உமையாள்.

"கூப்பிட்டு வச்சு, இனிமே யார்கிட்டயும் சொல்லாதேன்னு கண்டிச்சுச் சொல்றேன்."

"நீங்க சொன்னா கேட்கத்தான் அவளுக்கு நல்லாத் தெரியுமே. நீங்க போய், எந்த ஊருக்குப் போறேன்னு கேளுங்க."

"ஐயையோ, சொல்லிடுவாளேம்மா!"

"சொல்ல வாயெடுத்தா நீங்களே தடுங்க. அவ மாட்டேன்னு சொல்ற வரைக்கும் கேளுங்க."

நிறைமதி கூடத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் முட்டி மடங்காமல் அவதிப்பட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். சுகந்தியும் உமையாளும் நிலைப்படியில் நின்றார்கள்.

"நிறைமதி, எந்த ஊருக்கும்மா போறீங்க?"

அவள் சட்டென்று எழுந்தாள். கை இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"வேண்டாம், வேண்டாம்! சொல்லாதே!"

"ஏன் சார், தப்பாச் சொல்லப் போறேனா?"

"நீ தப்பில்லை." அடுத்த வாக்கியம் தணிகாசலத்துக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. சர்வீஸ் முழுக்கச் சொல்லாத வாக்கியம் அல்லவா! "சார்தான் தப்பு. அன்னைக்கு அம்மா சொல்லக் கூடாதுன்னாங்கன்னு சொன்னியே, அதுதான் சரி. நான்தான் கெடுத்தேன்."

"அப்ப மார்க் போயிடுமே சார்?"

"போனாப் போகட்டும்."

அவள் யோசித்தாள். "சார் கேட்டாலும் சொல்லக் கூடாதா?"

"சார் கேட்டாலும்."

"சாருக்குக் கோவம் வந்தா?"

"வரட்டும். அது சாரோட பாடு. இப்பக் கேட்கிறேன், எந்த ஊருக்குப் போறீங்க?"

நிறைமதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, காதில் விழுந்தும் விழாமலும், "சொல்ல மாட்டேன்" என்றாள்.

தணிகாசலம் நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பினார்.

"இப்படி நயமாக் கேட்டா போதுமா ஐயா? கோவமாக் கேளுங்க" என்றார் உமையாள்.

தணிகாசலம் கண்ணை மூடித் திறந்தார். பழைய குரலை வரவழைத்தார். "என்ன இது, பெரியவங்க கேட்டா பதில் சொல்லத் தெரியாதா? எந்த ஊரு? சொல்லு!"

பிள்ளையின் உதடு துடித்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தணிகாசலத்துக்கு அவளை அப்படியே அள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் முகத்தை இளக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சொல்ல மாட்டேன் சார்."

இந்தத் தடவை கூடம் முழுக்கக் கேட்டது.

"சாக்லேட் வாங்கித் தரேன்."

"மாட்டேன்."

"உங்க அம்மாதான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நிறைமதி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அம்மா எதுக்குக் கேட்கப் போறாங்க? அவங்களுக்குத்தான் தெரியுமே."

சுகந்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "அடி என் கண்ணே" என்று தணிகாசலம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருக்க முடியவில்லை. நிறைமதிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஆட்டோ வந்தது. சுகந்தி மூட்டையை ஏற்றினாள். குருவைக் கும்பிட்டாள். தணிகாசலத்தையும் பார்த்து, கொஞ்சம் தயங்கிக் கும்பிட்டாள். நிறைமதி பின்பக்கத்துக் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள்.

வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் தணிகாசலம் வாசலிலேயே நின்றார்.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"புது இடம். தெரியாத ஜனங்க. தீபாவளிக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு கவுன் எடுத்து அனுப்பலாம்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. எந்த ஊருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. சத்தியமா ஒருத்தர்கிட்ட மூச்சு விட மாட்டேன்."

உமையாள் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

"சொல்ல மாட்டேன் ஐயா."